குளிர்பெட்டியை நம்பாத தடுப்புமருந்து: திருவள்ளூர் மாவட்ட மக்களின் கொள்கைப் பிரகடனம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளர்கள், பழவேற்காட்டு மீனவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள் ஆகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். குளிர்பெட்டி இல்லாமலும் கெடாத தூள் வடிவ ஃப்ளூ தடுப்புமருந்து, தமிழ்நாட்டின் பொதுத்துறை ஆய்வகங்களில் உருவாக வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

எங்கள் நிலை

நாட்டின் பல பகுதிகளில் ஃப்ளூ ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் உச்சம் தொடும். சென்னை வட்டாரத்தில் அது அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. புயலும் இந்தப் பருவமழைக் காலத்தில்தான் வருகிறது. 2016 டிசம்பரில் வர்தாவும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் வந்தபோது மின்சாரம் என்ன ஆயிற்று என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இன்றைய ஃப்ளூ தடுப்பூசியோ 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடேறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திலும் அது இல்லை. ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கும் ஒடிசா, பீகார் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அது எட்டாத மருந்து.

அறிவியல் சொல்வது

மீனை ஐஸில் வைப்பது ஒரு வழி, கருவாடாக்குவது இன்னொரு வழி. தடுப்பு மருந்திலும் அப்படித்தான். நீரில் மிதக்கும் வைரஸ் புரதம் வெப்பத்தில் உருக்குலையும். டிரெஹலோஸ், இனுலின் போன்ற சர்க்கரைகளோடு சேர்த்து நீரை அகற்றினால், சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிப் புரதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இனுலின் கலந்த ஃப்ளூ தூளை இவ்வழியில் ஆராய்ந்துள்ளனர்.

உலர்த்திவிட்டால் மட்டும் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2010-இல் புனேயின் சீரம் நிறுவனம் கொண்டுவந்த, மூக்கில் விடும் பன்றிக்காய்ச்சல் மருந்தும் உலர்ந்த வடிவில்தான் இருந்தது. ஆனாலும் அதற்குக் குளிர்பெட்டி தேவைப்பட்டது. எங்கள் கடற்கரையின் ஈரக்காற்று தூளுக்கு எதிரி என்பதால் ஈரம் புகாத உறையும் வேண்டும். ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிய தூள் தயாராக வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கு அந்நியமான வித்தையல்ல. 1899-இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையத்தில் உறைய வைத்து உலர்த்திய பெரியம்மைத் தடுப்பூசி தயாரானது. வெப்பம் தாங்கிய அத்தகைய மருந்தின் துணையோடுதான் 1975-இல் இந்தியா பெரியம்மையின் கடைசி நோயாளியைக் கண்டது.

எங்கள் கொள்கைகள்

1. மருந்து எங்கள் வானிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும். 40 டிகிரியிலும் மழைக்கால ஈரத்திலும் சோதிக்காத தூளை ஏற்கமாட்டோம்.

2. ஆய்வு பொதுப்பணத்தில், பொதுத்துறையில் நடக்க வேண்டும். கிங் நிலையத்துக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் இதற்கென நிதி ஒதுக்க வேண்டும். செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகத்தை இப்பணிக்குப் பயன்படுத்த வேண்டும்.

3. 1968-இல் தொடங்கிய பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிச் சோதனைக்கு இந்த மண்ணின் மக்கள் 2.5 லட்சத்துக்கும் அதிகமானோர் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதை உலகம் அதிலிருந்தே அறிந்தது. இனி இங்கே சோதனை நடந்தால் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் விளக்கித்தான் சம்மதம் பெற வேண்டும். முடிவு எதுவானாலும் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். வெற்றியானால் முதல் மருந்து இங்கே இலவசமாக வர வேண்டும்.

4. தூள் வரும்வரை, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இன்றைய தடுப்பூசியை ஆலை நிர்வாகங்கள் செப்டம்பருக்குள் தம் செலவில் போட வேண்டும்.

5. மருந்து நிறுவனங்களிடம் இந்த இயக்கம் ஒரு ரூபாயும் வாங்காது.

முதல் பணி

வரும் பருவமழை முழுவதும், மின்சாரம் நின்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் அப்போது தடுப்பூசிக் குளிர்பெட்டி காட்டிய வெப்பநிலையையும் ஊர் ஊராகப் பதிவு செய்வோம். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையையும் சந்திப்போம். திருவள்ளூரிலிருந்து ஆரம்பாக்கம்வரை உள்ள ஒவ்வொரு ஊரும், ஒவ்வொரு ஆலை வாயிலும் இந்தக் கணக்கெடுப்பில் சேர வேண்டுமென அழைக்கிறோம்.