வாசலில் தொங்கும் கடப்பாறை

ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, பிழைப்புக்காக வந்து குடியேறியவர்களைத்தான் அதிகமாக வருத்துகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி எழும் கேள்வி. பள்ளியில் தெலுங்கு படித்து, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, "நாம் இந்த ஊரா, வெளியூரா?" என்று கேட்டால் தகப்பனார் விழிக்க வேண்டியிருக்கிறது. விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளில் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் ஒரு கோயில் வாசலுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனால் போதும்.

திருப்பதிக்கு அருகில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. விஜயநகர அரசின் பிற்காலத் தலைநகரங்களில் சந்திரகிரியும் ஒன்று. அங்குள்ள மூன்றடுக்கு ராஜமஹாலை மத்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றது, இந்த அரசுக்கு உட்பட்டிருந்த தாமர்ல நாயக்கரிடமிருந்துதான். சென்னையின் கதையும் சந்திரகிரியின் கதையும் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன. திருமலையில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேசுவரா அருங்காட்சியகம் மற்றொன்று.

இரண்டிலும் முதன்மை பெறுவது தெய்வமும் அரசரும்தான். அதில் தவறில்லை. ஆனால் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

கீழ்த்திருப்பதியின் நடுவே எழுந்தருளியிருக்கும் கோவிந்தராஜரே தில்லையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர் என்பது வைணவ மரபு. ராமானுஜர் அவரை இங்கே பிரதிஷ்டை செய்த பின்னரே கோயிலைச் சுற்றித் தெருக்கள் உண்டாகி ஊர் வளர்ந்தது என்பார்கள். தெலுங்குக் கீர்த்தனைகளால் பெருமாளைப் பாடிய அன்னமாச்சாரியார், கடப்பைப் பக்கத்துத் தாள்ளபாகையிலிருந்து வந்தவர். 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த ஹாதிராம்ஜி மடம், வடநாட்டிலிருந்து வந்த துறவியின் பெயரால் அமைந்தது.

சித்தூரின் கதையும் இதேதான். 1911-இல் தனி மாவட்டமாகும் வரை, வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடமாக இருந்தது சித்தூர். வேலூர்க்காரரும் ஆரணிக்காரரும் கலெக்டர் கச்சேரிக்கு இங்கேதான் வந்தார்கள். இன்று இங்கே கோப்புகளுடன் மல்லாடும் தமிழ்க் குமாஸ்தாவுக்கு நூறாண்டுக்கு முன்பே முன்னோடிகள் உண்டு.

வந்தவர்களில் சாதாரண உழைப்பாளிக்கு இடம் உண்டா? உண்டு. அதற்குச் சாட்சியாக நிற்கும் பொருள், கண்ணாடிப் பேழைக்குள் இல்லை. திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தில், எல்லாரும் நுழையும் வாசலில் தொங்குகிறது. அது ஒரு கடப்பாறை.

பூமாலைக் கைங்கரியத்துக்காக ராமானுஜர் சொல்லி, ஸ்ரீரங்கத்திலிருந்து திருமலைக்கு வந்தவர் அனந்தாழ்வான். நந்தவனத்துக்கு நீர் வேண்டி அவரே கடப்பாறை பிடித்துக் குளம் வெட்டினார். சூல்கொண்ட மனைவி மண் சுமந்தார். உதவ வந்த சிறுவனை அனந்தாழ்வான் தடுத்தும், அவன் மறைவாக அம்மையாருக்குச் சுமை தாங்கினான். கோபங்கொண்டு கடப்பாறையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பிறகு சந்நிதியில் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். இன்றும் பெருமாளின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மன்னர்கள் கொடுத்த முடிகளும் நகைகளும் உள்ளே கருவூலத்தில் பூட்டியிருக்க, வெளியூரிலிருந்து வந்து மண் வெட்டியவரின் கருவி வாசலில் நிற்கிறது. அந்தப் பெருமையை நெரிசலில் போகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

இங்கே மற்றொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பான்மை தமிழில் இருக்கின்றன. போக ஸ்ரீனிவாசரின் வெள்ளித் திருமேனியைப் பல்லவ அரசி சாமவை அளித்ததைக் கூறும் சாசனமும் தமிழே. இதைக் காட்டி, "ஊரே எங்களுடையது" என்று மார்தட்டுபவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தமிழ்க் கல்வெட்டுகளில் பல, தெலுங்கும் கன்னடமும் பேசிய விஜயநகர மன்னர்களின் காலத்தவை. 1513-இல் திருமலைக்கு வந்த கிருஷ்ணதேவராயரின் கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. படிப்பவர் எந்த மொழிக்காரரானாலும் புரிய வேண்டும் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. சொத்துரிமைப் பத்திரம்போல் அதைத் தூக்கிக் காட்டுவது அந்தக் கல்லுக்கே இழுக்கு.

எல்லைப் பிரச்னை நடந்தேறி முடிந்த கதை. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், 1960-இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும் வரலாறு. கோடு போட்டாகிவிட்டது. கோட்டுக்கு இப்பால் வாழ்பவர்கள் வெளியூராரும் அல்லர், பறிகொடுத்தவர்களும் அல்லர். வந்தவர்களால் வளர்ந்த ஊரில் அவர்களும் வந்தவர்கள், அவ்வளவே.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், கடல் கடந்து வந்தவர்களின் வாழ்வையே காட்சிப்பொருளாக்கியிருக்கிறது. குடும்பங்கள் காத்துவைத்த பொருள்களும் அதில் இடம்பெற்றன. அதைப்போல் திருப்பதியிலும் ஒரு கூடம் வேண்டும். பூத்தொடுப்பவர், கல்தச்சர், மடைப்பள்ளி ஊழியர், குமாஸ்தா, ஓட்டல் தொழிலாளி ஆகியோரின் வரலாறு அதில் இருக்கட்டும். தேவஸ்தானமும் மாநில அரசும் மனம்வைத்தால் இது பெரிய காரியமல்ல. விளக்கப் பலகைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருந்தால், கிருஷ்ணதேவராயர் காட்டிய வழியில் நடந்ததாகும்.

ஆனால் கூடம் வந்தால் அதில் வைக்கப் பொருள் வேண்டுமே! தாத்தாவின் பழைய வேலை உத்தரவு, முதன்முதலில் குடியிருந்த வீட்டின் வாடகை ரசீது, தேய்ந்துபோன உளி, ஊரிலிருந்து வந்த கடுதாசி இவற்றையெல்லாம் போகிப் பண்டிகையன்று தீயில் போடுவதும், பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. முதலில் அதை நிறுத்த வேண்டும். கூடவே, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல்வெட்டின் பழைய எழுத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும் என்பது உண்மை. இன்றைய எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அந்தப் பயிற்சியில் இறங்க வழியே இல்லை. இதற்கு எந்த அரசாங்க உத்தரவும் தேவையில்லை. தினம் அரை மணி நேரமும், ஒரு சிலேட்டும் போதும்.