சந்தாவும் புள்ளடியும்: மாகாண சபைத் தேர்தல் குறித்து எமது நிலைப்பாடு

மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. கூடவே, "சங்கத் தலைவர் இந்த முறை யாருக்குப் போடச் சொல்லுவார்?" என்ற கேள்வியும் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்கு வந்துவிட்டது. எமது மன்றத்தில் கந்தப்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெவ்வேறு தொழிற்சங்கங்களுக்குச் சந்தா கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் கடை வேலை செய்யும் இளைஞர்களும் ஆசிரியர் சிலரும் இருக்கிறார்கள். எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது: சங்கம் அரசியல் பேசட்டும், தேர்தலிலும் இறங்கட்டும். ஆனால் உறுப்பினரைக் கேட்காமல் அவருடைய வாக்கை எந்தக் கட்சிக்கும் பேசி முடிக்கக் கூடாது.

"சங்கம் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதும், அரசியல் எதற்கு?" என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். மலையகத்தின் வரலாறு தெரிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டே எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போனது. தொண்டமான் இடையில் நியமன உறுப்பினராக இருந்தாரே தவிர, மக்கள் வாக்கில் மறுபடி வென்று பாராளுமன்றம் போக 1977 ஆயிற்று. வாக்கில்லாத அந்த முப்பது ஆண்டில் சங்கம்தான் எங்களுக்குக் கட்சி, வக்கீல், தூதரகம் எல்லாம். சங்கத் தலைவரே அரசியல் தலைவராகவும் ஆனது பேராசையால் அல்ல, வேறு வழி இருக்கவில்லை. அதைக் கேலி செய்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆனால் நாடற்றவர் என்ற கணக்கு 2003 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. பழைய ஏற்பாடு மட்டும் முடியவில்லை. இன்றும் சங்கத் தலைவரே கட்சித் தலைவர், காலம் கூடிவந்தால் அவரே அமைச்சர். அமைச்சரவையில் இருப்பவர் அதே அரசின் சம்பள முடிவை எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவிப்பாரா?

சம்பளத்தின் கதையைப் பாருங்கள். முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கம்பனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டன. அது எங்களுக்குப் போதவில்லை என்பது வேறு விஷயம், கேள்வி கேட்க ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை மூலம் வந்ததிலிருந்து சம்பளம் தேர்தல் மேடைக்குப் போய்விட்டது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்றார் அன்றைய ஜனாதிபதி. கம்பனிகள் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி வர்த்தமானியில் வந்தது 1,350. இன்றைய ஜனாதிபதி 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்: அடிப்படைச் சம்பளம் 1,550, வரவுக்கான கொடுப்பனவு 200. அந்த 200ஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கம்பனி தருவதல்ல, திறைசேரி தருவது. ஒரு வரவு செலவுத் திட்டம் கொடுத்ததை இன்னொன்று நிறுத்தலாம். ஒரு பேருக்கு (ஒரு நாள் வேலைக் கணக்குக்கு) எத்தனை கிலோ கொழுந்து, நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பவற்றையெல்லாம் எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. மாலையில் தராசுக்கு முன் நிற்கும் பெண்ணுக்கு அப்படிக் கழியும் இரண்டு கிலோதான் முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள வித்தியாசம். சங்கம் நிற்கவேண்டிய இடம் அந்தத் தராசடி.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போயின. சந்தா ஒரு பக்கம், புள்ளடி இன்னொரு பக்கம் என்று வீட்டுக்கு வீடு நடந்தது. சங்கத் தலைவர்கள் இதைத் துரோகம் என்று எண்ண வேண்டாம். தொழிலாளி இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆளும் தேசிய மக்கள் சக்திக்கும் தோட்டங்களில் சங்கம் உண்டு. நாங்கள் சொல்வது அதற்கும் பொருந்தும். 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தில் மலையக மக்களுக்கு வாக்குறுதியாக அவர்கள் எழுதியதை அவர்களிடமே கேட்கும் துணிவு அந்தச் சங்கத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்போம்.

எல்லை தாண்டி ஒரு செய்தியும் உண்டு. 2015 செப்டெம்பரில் கேரளத்தின் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பனியை மட்டுமல்ல, தங்கள் சங்கத் தலைவர்களையும் கிட்டே வரவிடவில்லை. போனஸ் கிடைத்தது. பிறகு பெம்பிளை ஒருமை என்ற பெயரில் உள்ளாட்சித் தேர்தலிலும் நின்று சில இடங்களை வென்றார்கள். இங்கேயும் கொழுந்தெடுப்பது பெண்கள், சந்தா கட்டுவது பெண்கள், மேடையில் நாற்காலி மட்டும் ஆண்களுக்கு.

மாகாண சபை எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ்தான் இருக்கின்றன. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லையென்றால் அங்கேதான் கேட்கவேண்டும். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். காலம் முடிந்தது 2018இல். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, அத்தோடு கிடப்பில் போட்டார்கள். சபை இல்லாமல் நிர்வாகம் ஆளுநர் கையில் இருக்கிறது. அவரிடம் மகஜர் கொடுக்கலாம், அவரைத் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. ஆகவே தேர்தலை இனியும் தள்ளிப்போடாமல் நடத்தவேண்டும் என்று எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்கவேண்டும். யாருக்குப் போடுவது என்ற சண்டை அதற்குப் பிறகு.

தேர்தல் வரும்போது எந்தச் சங்கமானாலும் ஒரு கட்சியை ஆதரிப்பதற்கு முன் தோட்டந்தோறும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தவேண்டும். வேட்பாளராகும் சங்கப் பொறுப்பாளர் அன்றே பொறுப்பை விட்டு இறங்கவேண்டும். சந்தாப் பணத்தில் ஒரு ரூபாயும் பிரசாரத்துக்குப் போகக்கூடாது. கூரைத்தகரமும் கோயில் ஒலிபெருக்கியும் தேர்தல் மாதத்தில் வந்தால், வாங்கும் கமிட்டி யாரிடம் எதற்கு வாங்கியது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடவேண்டும். (வாங்காதே என்று சொல்லி ஒழுகும் லயத்தில் இருப்பவரிடம் உபதேசம் செய்ய எங்களுக்கு மனமில்லை.) கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்கவேண்டும், கேட்கத் தயங்குபவர்கள் எங்களிடம் சொன்னால் கடைக்கு நாங்கள் கடிதம் எழுதுவோம்.

எமது மன்றம் எந்தக் கட்சியையும் ஆதரிக்காது, வேட்பாளரையும் நிறுத்தாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் கந்தப்பளையில் ஒரே மேடைக்கு அழைப்போம். காணி உறுதி, ஒரு பேருக்கான கிலோ, பாடசாலை ஆசிரியர் ஆகிய மூன்றுக்கும் பதிலை எழுத்தில் கையொப்பமிட்டுத் தரவேண்டும். கூட்டம் கைக்காசு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். முன் வரிசை கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு, முதல் கேள்வியும் அவர்களுக்கே.