நம் நோட்டீஸ்களை யார் படிக்கிறார்கள்?

சாம்பியன் ரீப்ஸ் மார்க்கெட் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீஸ்களையும், விழாக் காலங்களில் கட்டப்படும் ஃப்ளெக்ஸ் பேனர்களையும் சில ஆண்டுகளாகவே கவனித்து வருகிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை அல்லவா! அவற்றில் எழுத்து இருக்கிறது, படம் இருக்கிறது, ஏழெட்டு நிறங்கள் இருக்கின்றன. நின்று படிப்பவரைத்தான் காண முடிவதில்லை.

சென்ற ஆண்டு இங்கே நுரையீரல் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கு தேவையில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். நோட்டீஸில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இருபத்திரண்டு பெயர்கள். ஏழு முகங்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் அடியில், ஊதா நிறத்தின் மேல் சிவப்பு எழுத்தில். எங்கள் லைனில் குடியிருக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர், எழுபத்தைந்தைக் கடந்தவர், பாறைத் தூசியை இன்னும் நெஞ்சில் சுமப்பவர், அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் டீக்கடைக்குப் போகிறார். முகாம் முடிந்த மூன்றாம் நாள் அவரிடம் "போனீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ஏதோ கட்சிக்காரங்க மீட்டிங்னு நினைச்சேன் தம்பி" என்றார்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதில் உழைத்தவர்கள் இன்று முதியவர்கள். ஒரு முகாமோ, பென்ஷன் பற்றிய அறிவிப்போ அவர்கள் கண்ணில் படாமல் போனால் அந்த இழப்பை யார் ஈடு செய்வது? ஆகவே நோட்டீஸ் அமைப்பது ஏதோ கலைஞர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. இதற்கு ஓவியப் பள்ளியில் படிக்கத் தேவையில்லை. நான் படித்த டிப்ளமோவே போதுமானதாக இருக்கிறது.

டிராயிங் வகுப்பில் கோடுகளுக்குத் தரம் உண்டு. பொருளின் விளிம்புக்குத் தடித்த கோடு. அளவு காட்ட மெல்லிய கோடு. மறைந்திருக்கும் பாகத்துக்கு விட்டு விட்டுப் போடும் கோடு. எல்லாவற்றையும் ஒரே தடிப்பில் போட்டால், எது இரும்பு, எது வெறும் அளவு என்று பிட்டருக்குத் தெரியாது, வேலை கெட்டுவிடும். படத்தின் தலைப்புக் கட்டம் வலது கீழ் மூலையில் இருக்கும், தாளை மடித்து அடுக்கினாலும் வெளியே தெரியும்படி. நோட்டீஸுக்கும் இதுவேதான் முதல் பாடம். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவது, எது தேடினால் கிடைத்தால் போதும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவுமே பெரிதாக இல்லை.

நம் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைத் தினமும் கடந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். நிலையப் பெயர்ப் பலகையை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறார்களா? மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, இரண்டே நிறம். மொழிக்கு ஒரு வரி. வரிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் தாராளமான இடம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்ற கணக்கும் பலகையில் உண்டு, ஆனால் சிறிய எழுத்தில், கீழே. தேவைப்பட்டவர் பார்த்துக் கொள்வார். ஓடும் ரயிலிலிருந்து படிக்க வேண்டிய பலகைக்கு அத்தனை வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். நம்மவர்களோ கையளவு இடம் காலியாக இருந்தால் "காசு கொடுத்து அச்சடிக்கிறோம், சும்மா விடுவதா?" என்று அங்கே ஒரு ரோஜாப்பூவை வைத்துவிடுகிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கைகாட்டி சிக்னலில் ஹோம் சிக்னலின் கை சிவப்பு, நுனி சதுரம். டிஸ்டன்ட் சிக்னலின் கை மஞ்சள், நுனி மீன் வால் போலப் பிளந்திருக்கும். நிறம் மங்கித் தெரிந்தாலும் வடிவம் சொல்லிவிடும். ரயில் ஓட்டும் வேலைக்கு வருபவரின் நிறப் பார்வையைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு. சுவரில் நோட்டீஸ் படிப்பவரை யார் சோதிக்கிறார்கள்? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. கண்புரை உள்ளவர்கள் அதைவிட அதிகம். வெளிர் நிறத்தின் மேல் கருமையான எழுத்து என்பதைத் தாண்டி நமக்கு வேறு வித்தை வேண்டாம்.

எதை விட வேண்டும் என்பதற்கும் ரயில்வேயிலேயே உதாரணம் உண்டு. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடத்தை 1931-இல் வரைந்த ஹாரி பெக்கும் டிராயிங் போர்டுக்காரர்தான். ஊரின் வளைவு நெளிவுகளையும் உண்மையான தூரத்தையும் விட்டுவிட்டு, நேர்கோடு, சாய்கோடு, நிலையப் பெயர், அடையாளத்துக்குத் தேம்ஸ் நதி, இவ்வளவோடு நிறுத்தினார். முதலில் அதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். 1933-இல் அச்சாகி வந்ததும் பயணிகள் விரும்பி ஏற்றார்கள்.

இனி நம் தமிழுக்கு வருகிறேன். வடிவமைப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகங்களை அப்படியே பின்பற்றினால் இங்கே ஒத்து வராது. அவர்களுக்குத் தலைப்புக்கென்று பெரிய எழுத்து வரிசை தனியாக இருக்கிறது. நமக்கு இல்லை, அளவாலும் தடிப்பாலும் சுற்றி விடும் இடத்தாலும்தான் தலைப்பைக் காட்ட வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமமாக இழுத்தால் நடுவில் பள்ளம் பள்ளமாக விழும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும், வலது ஓரம் எப்படியோ போகட்டும். மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் நம்முடையவை என்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி தேவை. பலகை எழுதுவோர் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று கைக்கணக்கு வைத்திருப்பார்கள். தமிழுக்கு அதைவிடச் சற்றுத் தாராளமாகவே வைக்கலாம்.

அலங்கார எழுத்துகளைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள், படிப்பவர் ஊகித்துக் கொண்டார். 'எ', 'ஏ' வேறுபாட்டை வரி வடிவத்தில் தெளிவாக்கிய பெருமை வீரமாமுனிவருக்கு உண்டு. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற தெளிவை, நெளிந்து வளையும் எழுத்துகளில் புள்ளியை மறைத்தும், ரகரத்தையும் காலையும் ஒன்றாக்கியும் நாமே தொலைத்துக் கொண்டிருக்கிறோம்.

இதில் பாதிக்கப்படுவது முதியவர்கள் மட்டுமல்ல. தங்கவயலில் கன்னட, ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். நெளியும் எழுத்தைக் கண்டதும் அவர்கள் கண் பக்கத்திலுள்ள ஆங்கில வரிக்குத் தாவிவிடுகிறது. நான்கு முறை தாவினால் ஐந்தாம் முறை தமிழைப் பார்க்கவே மாட்டார்கள். தமிழ் வளர்க்கும் சங்கங்கள் தம் நோட்டீஸாலேயே தமிழைப் படிக்க விடாமல் செய்வது வேடிக்கையல்லவா?

பெயர் போடாவிட்டால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், நன்கொடை நின்றுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான். அவர்கள் பெயர்களை மடித்த அழைப்பிதழில் முழுமையாகப் போடுவோம், மேடையில் வாசிப்போம், வேண்டுமானால் பொன்னாடையும் போர்த்துவோம். சுவரில் ஒட்டும் தாளில் மட்டும் என்ன, எப்போது, எங்கே என்ற மூன்று வரிகள் முழங்கை நீளத்துக்கு நிற்கட்டும். நடத்துபவர் பெயர் ஒரு வரி.

வரும் பொங்கல் விழாவுக்கே நம் செயற்குழு இதைச் செய்து பார்க்கலாம். மாதிரித் தாளை அச்சுக்கு அனுப்பும் முன் பத்தடி தள்ளி மாட்டி, ஒரு முதியவரையும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் அழைத்து, என்றைக்கு விழா என்று கேட்க வேண்டும். இருவரில் ஒருவர் தடுமாறினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எந்தப் பிரமுகரின் முகம் அதில் இருந்தாலும் சரி.