எல்லைக்கோட்டில் காலாவதியாகும் காப்பீட்டு அட்டை

காஞ்சிரங்குளம் முதல் பாறசாலை வரை, நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் கூலி வேலையும் அந்தக் கோட்டை இன்றும் பொருட்படுத்துவதில்லை. ரப்பர் பால்வெட்டவும் கட்டட வேலைக்கும் களியக்காவிளையைக் கடந்து இரு புறமும் தொழிலாளர்கள் போய்வருகிறார்கள். நோயும் எல்லை பார்ப்பதில்லை. காப்பீட்டு அட்டை மட்டும் பார்க்கிறது.

தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டையைக் கேட்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. கேரளத்தின் காருண்யா சுகாதாரப் பாதுகாப்புத் திட்டம் அதன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. ஒரு மாநிலத்தில் அட்டையும் மறு மாநிலத்தில் வேலையுமாக வாழும் கூலித் தொழிலாளி, புற்றுநோயோ சிறுநீரகச் செயலிழப்போ வந்த நாளில் இரண்டுக்கும் அந்நியராகிறார்.

2011இல் ஏழையாக இருந்திருக்க வேண்டும்!

2018 செப்டம்பரில் பிரதமர் மோடி பெருமுழக்கத்துடன் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பைக் கொண்டே பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பின் வேலை இழந்தவர், கடனில் மூழ்கியவர், மருத்துவச் செலவாலேயே வீட்டை விற்றவர் எவரும் அந்தக் கணக்கில் ஏழையல்ல. நோய்தான் குடும்பத்தை ஏழையாக்குகிறது. திட்டமோ நோய்க்கு முந்தைய வறுமைக்குச் சான்று கேட்கிறது.

பட்டியலில் இருப்பவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. இத்திட்டம் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்கானது. அனுமதிக்கு முன் 3 நாட்கள், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான செலவே சேரும். மாதக்கணக்கில் வாங்க வேண்டிய மாத்திரை, திரும்பத் திரும்ப எடுக்கும் பரிசோதனை, பேருந்துக் கட்டணம், நோயாளியோடு துணையிருப்பவர் இழக்கும் கூலி ஆகிய அனைத்தும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. இந்தத் திட்டத்தின் பதிவேட்டில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அம்பலப்படுத்தியது.

யாருடைய பணம், யாருடைய பெயர்?

கேரளத்தில் சுமார் 42 லட்சம் குடும்பங்கள் காருண்யா திட்டத்தில் உள்ளன. அவற்றில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமே ஒன்றிய அரசு தன் பங்கைத் தருகிறது. அதுவும் உச்சவரம்பு கட்டிய தொகை. எஞ்சியவர்களின் செலவு முழுவதும் மாநிலத்தினுடையது. ஆயினும் நலவாழ்வு மையங்களின் வாசலில் தான் சொன்ன பெயர்ப்பலகை இல்லை என்பதற்காகத் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியை நிறுத்திவைத்தது தில்லி.

காருண்யா திட்டத்தில் மருத்துவமனைகளுக்கான நிலுவை பெருகியதையும், தனியார் மருத்துவமனைகள் சில விலகியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கேரளத்தில் மருத்துவச் செலவில் பாதிக்கு மேல் மக்களின் சொந்தக் கையிலிருந்தே போகிறது என்பதும் உண்மை. தனியார் மருத்துவமனைகளை நம்பி நிற்கும் எந்தக் காப்பீடும், அரசின் கஜானா வற்றும் நாளில் நோயாளியை வாசலில் நிறுத்திவிடும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். 2020 ஜூலையில் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கி, மாநில சுகாதார முகமையே திட்டத்தை நேரடியாக நடத்தத் தொடங்கியது சரியான அடி. அடுத்த அடி அரசு மருத்துவமனையை நோக்கியதாக இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசோ எதிர்த்திசையில் ஓடுகிறது. பொது சுகாதாரத்திற்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017 தேசிய நலக்கொள்கை வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்திலும்கூட, மத்திய மாநில அரசுகளின் செலவு சேர்ந்தே 1.84 சதவீதம்தான். 2025 நிதிநிலை அறிக்கையோ காப்பீட்டுத் துறையில் 100 சதவீத அந்நிய முதலீட்டை அறிவித்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம் எச்.எல்.எல். லைஃப்கேர். அது நடத்தும் அம்ரித் மருந்தகங்களில்தான் புற்றுநோய், இதயநோய் மருந்துகள் விலை குறைத்து விற்கப்படுகின்றன. அதையும் விற்கத் துணிந்த மோடி அரசு, 2022இல் கேரள அரசு வாங்க முன்வந்தபோது, மாநில அரசு ஏலத்தில் பங்கேற்கக் கூடாது என்றது. தனியார் வாங்கலாம், மக்கள் வாங்கக் கூடாது!

ஈகை போதுமா?

2021இல் கண்ணூர் மாவட்டக் குழந்தை ஒன்றின் அரிய மரபணு நோய்க்கு 18 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. மக்கள் சில நாட்களில் 46 கோடிக்கு மேல் அள்ளித் தந்தனர். அதே ஆண்டில், அதே நோய் கண்ட மற்றொரு குழந்தையின் உயிர், நிதி திரண்டுகொண்டிருந்தபோதே பிரிந்தது. மக்களின் ஈரத்தை வணங்குவோம். ஆனால் அந்த விலையை நிர்ணயித்த பன்னாட்டு நிறுவனத்தையும், அதைத் தட்டிக் கேட்காத அரசையும் அந்த ஈரம் மறைத்துவிட அனுமதிக்க முடியாது. யாருடைய முகம் கைபேசியில் பரவுகிறதோ அவருக்கு உயிர், மற்றவருக்கு மரணம் என்பது குலுக்கல் சீட்டு.

பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று 1946இலேயே போர் குழு சொன்னது. அவசர சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையைப் பறிப்பதாகும் என்று, ரயிலிலிருந்து விழுந்து மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கப்பட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் கேட்பது புதிதல்ல.

கிளைகள் செய்ய வேண்டியது

நோயாளியிடம் அரசியல் மட்டும் பேசுவது கட்சிப் பணியாகாது. காருண்யா திட்டத்தில் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட கேரளக் குடும்பத்துக்குக் காருண்யா நல நிதியிலிருந்து 2 லட்சம் வரையும், சிறுநீரக நோய்க்கு 3 லட்சம் வரையும் உதவி உண்டு. டயாலிசிஸ் செய்யும் ஏழைகளுக்கு ‘சமாஸ்வாசம்’ மாத உதவி இருக்கிறது. முதலமைச்சர் நிவாரண நிதிக்கும், நாடாளுமன்ற உறுப்பினர் பரிந்துரையோடு பிரதமர் நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு, அரசு மருத்துவமனை வழியாக ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே செலவழித்த பணத்தை அது திருப்பித் தராது. எனவே நோய் உறுதியான அன்றே வருமானச் சான்று, குடும்ப அட்டை, மருத்துவரின் சான்று, செலவு மதிப்பீடு ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு மலையாளப் படிவத்தை நிரப்பித் தர ஒரு தோழர் உடன் செல்ல வேண்டும். படுக்கையில் கிடப்பவரை ஊராட்சியின் வலி நிவாரணச் சிகிச்சைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அந்தப் படிவங்களே நம் போராட்டத்தின் ஆவணங்களும் ஆகும். எத்தனை விண்ணப்பம், எத்தனை மறுப்பு, என்ன காரணம் என்று ஒவ்வொரு கிளையும் குறித்துவைக்கட்டும். அந்தக் கணக்கை முன்வைத்துக் கோருவோம்: எல்லைப்புற மக்களுக்கு இரு மாநில அரசு மருத்துவமனைகளிலும் செல்லத்தக்க உடன்பாடு, வட்ட மருத்துவமனைகளில் தடையற்ற டயாலிசிஸும் புற்றுநோய் மருந்தும், 2011 பட்டியலுக்கு முடிவு, எச்.எல்.எல். விற்பனைக்கு முழுக்கு; பொது சுகாதாரத்துக்கு வாக்களித்த நிதி.

மனு எழுதக் கற்றுக்கொடுப்போம். மனுவே தேவைப்படாத நாளுக்காக மக்களைத் திரட்டுவோம்.