விண்டோஸ் 10: மறுக்கப்படும் நியாயம்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட மைக்ரோசாப்ட், பழைய கணினியையே வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறவர்கள் 30 டாலர் செலுத்தியோ, தன்னுடைய பரிசுப் புள்ளிகளில் 1,000-ஐக் கொடுத்தோ, கணினியின் அமைப்புகளைத் தன் கிளவுடில் ஒப்படைத்தோ 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு அவகாசம் பெறலாம் என்று அறிவித்தபோது, நம் நாட்டில் அதை உரக்க ஆட்சேபித்தவர்கள் மிகச் சிலரே. விண்டோஸ் 11-க்கு மாறுவது எப்படி என்று படம் போட்டு விளக்கியவர்கள் உண்டு; பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிச் செல்லுங்கள் என்று அழைத்த வியாபாரிகளும் உண்டு; மாறித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டவர்கள்தாம் அபூர்வம். மாறுவதும் மாறாதிருப்பதும் அவரவர் சௌகரியத்தைப் பொறுத்த சொந்த விஷயம் என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையேகூடப் பரவியிருப்பதால், இது கோடிக்கணக்கான சாமானியர்களின் உடைமையைப் பற்றிய பொது விஷயம் என்பதைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் நடந்ததை முதலில் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டுமானால் உன் தகவலை என்னிடம் வை என்று நிபந்தனை விதிப்பது தங்கள் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்பான யூரோகன்ஸ்யூமர்ஸ் வாதாடிய பிறகு, 2025 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் இறங்கிவந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழும் தனிநபர்களுக்கு மட்டும் பணமும் வேண்டாம், கிளவுடில் ஒப்படைக்கவும் வேண்டாம், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியது. பாரிஸில் இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகை பரமக்குடியில் இருப்பவருக்குக் கிடையாது என்றால், இருவர் கணினியிலும் ஓடும் விண்டோஸில் ஏதேனும் வித்தியாசம் உண்டா? இல்லை. அவர்களுக்காகக் கேட்க ஆள் இருந்தது. நமக்காகக் கேட்க ஆள் இல்லை.

அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. இந்த விவாதம் முழுவதற்கும் அதுவே ஆணிவேர் என்று நான் கருதுகிறேன். விண்டோஸ் 10-இன் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்வதே சரியல்ல. தொழிற்சாலை இயந்திரங்கள், மருத்துவக் கருவிகள், ஏடிஎம்கள் போன்றவற்றுக்கென்று விற்கப்படும் 'ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021' என்ற விண்டோஸ் 10 பதிப்புக்கு 2032 ஜனவரி 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அதே மைக்ரோசாப்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது. சாதாரண நிறுவனங்கள்கூட ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122 டாலர், மூன்றாம் ஆண்டு 244 டாலர் என்று இரட்டித்துக்கொண்டே போகும் கட்டணத்தைக் கட்டினால் 2028 அக்டோபர் வரை அப்டேட் பெறலாம். பள்ளிக்கூடங்களுக்கோ முதல் ஆண்டுக் கட்டணம் 1 டாலர்தான். ஆகவே, இன்னும் பல ஆண்டுகளுக்கு விண்டோஸ் 10-இல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கப் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருத்தங்கள் எழுதப்படும், சோதிக்கப்படும், விநியோகத்துக்குத் தயாராக சர்வரில் ஏற்றப்படும். பெரிய மனிதருக்காக அரைத்த மருந்து கிண்ணம் நிறைய மீதியிருக்கும்போது, அதே வியாதியோடு வாசலில் நிற்கும் ஏழைக்கு ஒரு சங்கு தர மறுக்கும் வைத்தியரை நாம் எந்தப் பெயரால் அழைப்போமோ, அந்தப் பெயரால்தான் இந்தக் கம்பெனியையும் அழைக்க வேண்டும்.

பத்து ஆண்டு காலம் இலவசமாகக் கொடுத்தார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் கணக்கைத் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல் என்பது மெய்தான். ஆனால், மைக்ரோசாப்ட் தன் சொந்த இணையதளத்தில் அதை விற்பதை நிறுத்தியது 2023 ஜனவரி 31-இல். அன்று பணம் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு இரண்டு ஆண்டு எட்டரை மாதந்தான். பொருளின் ஆயுளை அது பிறந்த நாளிலிருந்து கணக்கிடுவது விற்பவனுக்கு லாபம். வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதே நியாயம். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்மார்ட்போன்களுக்கு அமலாகியிருக்கும் விதி, ஒரு மாடல் சந்தையில் விற்கப்படுவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் தரவேண்டும் என்கிறது. போனுக்குப் பொருந்துவது கணினிக்கு ஏன் பொருந்தக் கூடாது?

சரி, காசு வாங்காமல்தானே விண்டோஸ் 11-ஐத் தருகிறார்கள், மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாறவிட்டால்தானே மாறுவதற்கு! இன்டெல் பிராசசரானால் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-இன் பிற்பகுதியில் வந்தது அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். அதே 2017-இல் வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினிகள் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. இந்த எல்லைக்கோடு பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட மீறமுடியாத தர்மமா என்றால், அதுவும் இல்லை. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7-7820எச்கியூ என்ற பிராசசர் விதிவிலக்காகப் பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மைக்ரோசாப்டின் சொந்தத் தயாரிப்பாகிய சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் இருந்த பிராசசர் அது. தன் வீட்டுப் பிள்ளைக்குத் திறந்த கதவை ஊரார் பிள்ளைக்கு அடைப்பதைத் தொழில்நுட்பம் என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது.

இந்த விதி யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால் பெரிய அலுவலகங்களுக்குப் போகக்கூடாது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டிடிபி கடைக்குப் போகவேண்டும். அப்படி ஒரு கடையில் சமீபத்தில் நின்றிருந்தபோது, விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு, உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை என்ற அறிவிப்பு வந்தது. ஏழாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி மெமரி, 32-பிட் விண்டோஸ் 10. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாம். பல வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் வாழ்த்து மடல்களும் பழைய தமிழ் ஃபாண்டுகளில், பேஜ்மேக்கர் கோப்புகளாக அதற்குள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் லேசர் பிரிண்டருக்கு 32-பிட் டிரைவர் மட்டுமே உண்டு. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே, கணினி போனால் பிரிண்டரும் கூடவே போகும். "நல்லாத்தானே சார் ஓடுது, எதுக்கு சார் மாத்தச் சொல்றான்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்த நிபுணரிடமும் நேர்மையான விடை இல்லை.

நிபுணர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான்: டிபிஎம் இருந்தால் ஹேக்கர் நுழைய முடியாது, உங்கள் நன்மைக்காகவே இந்த விதி என்பார்கள். கம்பெனிகளின் விளக்கவுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இவர்களுக்கு நீண்ட பதில் அவசியமில்லை. நம் நாட்டில் ஜனங்கள் பணத்தைப் பறிகொடுப்பது போலி போலீஸ்காரரின் வீடியோ காலிலும், நம்பிச் சொல்லிவிட்ட ஓடிபியிலும், வாட்ஸ்அப்பில் வந்த லிங்கிலுமே அல்லாமல், பிராசசரின் தலைமுறையினால் அல்ல. பாதுகாப்பே லட்சியமானால், கையிலிருக்கும் அப்டேட்டை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதுதான் முதல் காரியமாக இருக்கும். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற நாசகார நிரல் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் இலவசமாகத் திருத்தம் வெளியிட்டது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இதன் விளைவு கடைக்காரரின் நஷ்டத்தோடு நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் 11-க்கு மாறமுடியாத காரணத்தால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது. 2022-இல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதந்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள நம் மின்னணுக் கழிவு விதிகள் அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைச் சாதனத்தைத் தயாரித்தவர்மேல் சுமத்துகின்றன. நல்ல நிலையிலுள்ள சாதனத்தை மென்பொருளால் கழிவாக்குகிறவரையோ அவை தொடுவதில்லை. நம் சட்டத்திலுள்ள மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

இப்போது என்ன செய்வது? தகுதியுள்ள கணினி வைத்திருப்பவர்கள் கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு, பிரிண்டரும் ஸ்கேனரும் ஒத்துழைக்குமா என்று விசாரித்துவிட்டு, நிதானமாக மாறிக்கொள்ளலாம். தகுதியற்றது என்று முத்திரை குத்தப்பட்ட கணினியை உடையவர்கள் எக்காரணம் கொண்டும் அதைத் தூக்கி எறியக்கூடாது. அந்த அவகாசத்தைப் பெற்றுக்கொண்டு, அது முடிவதற்குள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். நான்கு ஜிபி மெமரியில் ஓடக்கூடிய லினக்ஸ் உண்டு. லிப்ரே ஆபீஸில் தமிழில் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் ஓடாதே என்பவர்கள் ஒரு கணினியை டாலிக்கென்று ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மாற்றட்டும். பக்கத்து மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி கற்றிருக்கும்போது, நம்மால் முடியாது என்பது சோம்பேறித்தனமே ஒழிய வேறில்லை.

ஆனால், தனிமனிதர் எடுக்கும் முடிவுகளால் மட்டும் இந்த அநியாயம் தீராது. பழுது பார்க்கும் உரிமையை வரையறுக்க மத்திய அரசாங்கம் 2022-இல் குழு அமைத்தது. அதற்கென்று இணையதளமும் திறந்தது. பாதுகாப்பு அப்டேட் என்பதும் பழுது பார்ப்பதுதான் என்று அந்த உரிமையில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: ஓர் இயங்குதளத்துக்கு உலகில் யாரேனும் ஒருவருக்கு அப்டேட் கொடுக்கப்படும் வரையில், அதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். அந்த வரி வரும் வரையில் தமிழக அரசு சும்மா இருக்கவேண்டியதில்லை. அதன் மின்னணு நிறுவனமான எல்காட் வெளியிடும் ஒவ்வொரு டெண்டரிலும், வாங்கிய தேதியிலிருந்து பத்து ஆண்டு அப்டேட்டுக்கு உத்தரவாதம் தராத இயங்குதளத்துக்கு இடமில்லை என்று எழுதிவிடலாம். லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் ஒரு மாநிலம் இந்த நிபந்தனையை விதித்தால் ஒரே வருஷத்தில் மைக்ரோசாப்ட் பணிந்துவிடும். தமிழ்நாடு விதித்ததை மற்ற மாநிலங்களும் விதிக்கும். ஐரோப்பாவுக்குக் கொடுத்ததை இந்தியாவுக்கு மறுக்கும் துணிச்சல் அதன் பிறகு எந்தக் கம்பெனிக்கும் வராது.