கெத்செமனேயில் விழுந்தது யார்?

"மூணாம் நாள் எழுந்துருவோம்னு தெரிஞ்சே ஒருத்தர் சிலுவைக்குப் போனா, அதுல தியாகம் எங்கய்யா இருக்கு?" கிண்டலாத்தான் கேப்பாங்க. பக்தர்களுக்குச் சுர்ருனு கோபம் வரும். எனக்கு வராது, நல்ல கேள்விதானே. சிக்கல் என்னன்னா, பதில் சொல்லக் கிளம்புறவங்க பெரும்பாலும் யோவான் சுவிசேஷத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். அங்கே போனா கேள்விக்கு இன்னும் பலம்தான் கூடும்.

யோவான் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைதுக் காட்சியைப் பாருங்கள். தீவட்டியும் ஆயுதமுமா வந்த கூட்டம், நீங்க தேடுற ஆள் நான்தான்னு இயேசு சொன்னதும் பின்வாங்கித் தரையில் விழுகிறது. கைதியைப் பார்த்துப் போலீஸ் விழுந்த கதை! சிலுவையை அவரே சுமக்கிறார். மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் வருகிற சிரேனே ஊர் சீமோனை இதில் காணோம். கடைசியில் எல்லாம் முடிந்ததென்று அறிவித்துவிட்டுத் தலை சாய்த்து உயிரை ஒப்புக்கொடுக்கிறார். கம்பீரம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனால் பயம் எங்கே? 12ஆம் அதிகாரத்தில் ஒரு நொடி கலங்குகிறார், அடுத்த மூச்சிலேயே தெளிந்துவிடுகிறார்.

இப்ப மாற்குக்கு வாங்க. கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டதுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யோவான் அதற்கு இருபது முப்பது வருஷம் பிந்தியது. மாற்கின் கெத்செமனேயில் சேவகர்கள் விழவில்லை. இயேசு விழுகிறார். திகைப்பும் துக்கமும் தாங்காமல் தரையில் விழுந்து, இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று கெஞ்சுகிறார். கூட இருந்தவங்க மூணு தடவையும் தூக்கம். அந்தக் கெஞ்சலுக்கு அப்புறம்தான், உம் விருப்பப்படியே ஆகட்டும் என்கிற சம்மதம். வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு இருந்தால்தானே சம்மதத்துக்கு மதிப்பு?

இது வெறும் திண்ணைப் பேச்சு இல்லை. ஏழாம் நூற்றாண்டில் இதற்காக ஒருவர் நாக்கையே இழந்திருக்கிறார். கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான், அது தெய்வச் சித்தம் என்பது அன்று அரசவையின் ஆதரவு பெற்ற கொள்கை. 648ல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், ஒன்றா இரண்டா என்ற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது என்று தடை போட்டார். மாக்சிமுஸ் என்ற துறவி கேட்கவில்லை. பாத்திரம் நீங்கட்டும்னு கேட்டதும் மனிதச் சித்தம், பிறகு சம்மதித்ததும் அதே மனிதச் சித்தம் என்பது அவர் வாதம். 662ல், எண்பது வயதைத் தாண்டிய கிழவரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி, கருங்கடலுக்குக் கிழக்கே நாடு கடத்தினார்கள். அதே வருஷம் செத்துப் போனார். 680-81ல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கூடிய பொதுச்சங்கம், ஆமாம், சித்தங்கள் இரண்டுதான் என்று தீர்மானித்தது!

சரி, இதெல்லாம் இப்ப எதுக்கு? அடி வாங்கிட்டு வர்ற மனைவிகிட்ட, "இயேசு சுமக்கலையா, நீயும் உன் சிலுவையைச் சுமந்துக்கம்மா" என்று சொல்கிற போதகர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குப் பத்திக்கிட்டு வர்ற இடம் இதுதான்.

இங்கேதான் யோவான் உதவிக்கு வருகிறார். பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்வதன் சாரம்: என் உயிரை யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுக்கிறேன், கொடுக்கவும் எனக்கு அதிகாரம் உண்டு, திரும்ப எடுக்கவும் உண்டு. பிலாத்து, உன்னை விடுவிக்கவும் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டுன்னு மிரட்டும்போது வருவதும் அதே சொல்தான், கிரேக்கத்திலும் தமிழ் வேதாகமத்திலும். மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உனக்கு ஒன்றும் இல்லை என்று பதில் வாங்கிக்கட்டிக்கொள்கிறார். மத்தேயுவிலோ பன்னிரண்டு லேகியோனுக்கு மேல் தூதர்களைக் கேட்டு வாங்க முடியும் என்கிறார். ஒரு லேகியோன்னாலே ஆயிரக்கணக்கான வீரர்கள். ஆக, மறுக்க முடிந்தவர் மறுக்கவில்லை. கையில் காசில்லாத, போக்கிடம் இல்லாத ஒரு பெண்ணுக்கு இதில் எந்த அதிகாரம் இருக்கு? அவகிட்டேருந்து பிடுங்குறதை அவ கொடுத்ததா எப்படிக் கணக்கு வைக்க முடியும்?

சிலுவையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னவரும் அவர்தானே என்பார்கள். சொன்னார். ஆனால் மாற்கு எட்டாம் அதிகாரத்தில் அந்தப் பேச்சே, பின்னால் வர விரும்புகிறவனுக்கு என்றுதான் தொடங்குகிறது. பத்தாம் அதிகாரத்தில், பணிவிடை செய்யவும் உயிரைக் கொடுக்கவும் வந்தேன் என்று சொல்வது யாரிடம்? வலப்பக்கமும் இடப்பக்கமும் எங்களுக்கு சீட் வேணும்னு யாக்கோபும் யோவானும் கேட்டதால் கிளம்பிய தகராறில், சீடர்கள் பன்னிரண்டு பேரிடமும். நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டவங்களுக்கு விழுந்த டோஸ் அது. அடி வாங்குறவங்களுக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று. சேவகர்கள் விழுந்து எழுந்த அதே யோவான் காட்சியில், இயேசு தன் அதிகாரத்தைக் காட்டிச் சொல்கிற உத்தரவு: என்னைத்தானே தேடுறீங்க, இவர்களைப் போக விடுங்கள். சிலுவையைச் சுமந்துக்கம்மா என்பவர்கள் இந்த எட்டாம் வசனத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணி நான் இதுவரை கேட்டதில்லை.