தோற்ற கைகளின் கணக்கு

அல்வாலில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் முன்பு இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் சீட்டாடி வந்தவர். 2017-இல் தெலங்கானா அரசு அவ்வாட்டங்களைத் தடை செய்தது. 2025-இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. ஆயினும், மூன்று மாதம் தொடர்ந்து தோற்றபோது பற்றிய ஐயம் அவரை இன்னும் விடவில்லை: “எனக்கு அறிவே இல்லையோ?”

52 சீட்டுகளில் முதல் இரண்டும் ஏஸாக வருவது சராசரியாக 221 முறைக்கு ஒரு முறை. அத்தகைய கையும், இரண்டு ராஜாக்களை எதிர்த்து இறுதிவரை ஆடினால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்கும். ஆகவே பிழை செய்யாதவரும் வரிசையாகத் தோற்பதுண்டு. பிழையே செய்பவர் ஒரு மாதம் செழிப்பதுமுண்டு. பின்னவர் நிலையே நமக்கு அதிக அச்சம் தருகிறது.

சதுரங்கம் அப்படியன்று. 2013-இல் விசுவநாதன் ஆனந்த் தாம் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டே ருஷ்ய நாட்டில் நடந்த தேர்வுப் போட்டியில் முதலிடம் பெற்றார். தோற்ற ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் அவர் கண்முன் இருந்தது. சீட்டிலோ, எதிரி காட்டாமல் மடக்கிய சீட்டை யார் கண்டார்?

நல்ல வேளையாக, அன்பர் தம் ஆட்டங்களைக் குறித்து வைத்திருந்தார். அவருடன் அமர்ந்து அவற்றைப் பார்த்தோம். நல்ல கையுடன் தோற்றவை சில. பெரும்பாலானவை நள்ளிரவுக்குப் பின், இழந்ததை மீட்கும் வேகத்தில் ஆடியவை. “அறிவு குறையவில்லை ஐயா, உறக்கந்தான் குறைந்தது” என்றோம். சிரித்தார்.

போன தொகை எவ்வளவென்று மனைவியாரிடம் இன்னும் கூறவில்லையாம். இந்த ஞாயிறன்று கூறுவதாகச் சொல்லியிருக்கிறார்.